ஓய்வு என்று ஒரு கட்டம்

டாக்டர் ஜெசிந்தா குரங்குகளுக்குப் பால் மறக்கடித்தவள். நம் வீடுகளில் பிள்ளைக்குப் பால் மறக்கடிக்க வேப்பங்கொழுந்தை அரைத்து மார்பில் தடவுவார்கள். பிள்ளை நாலு நாள் கத்தி ஊரைக் கூட்டும், ஐந்தாம் நாள் சோற்றுக்கு வந்துவிடும். ஜெசிந்தாவின் முறையில் அந்த ரகளையே கிடையாது. அவள் கண்டுபிடித்தது ஓர் உப்பு. பலாச்சுளையில் தடவித் தாய்க்குக் கொடுத்தால் பத்தே நாளில் பால் வற்றிவிடும். இதற்காக அவளுக்கு விருது கொடுத்தார்கள், பொன்னாடை போர்த்தினார்கள், நாகர்கோவிலில் அவள் படித்த பள்ளிக்கூடத்தில் படம் மாட்டினார்கள். அந்தப் படத்தைக் கழற்றிவிடச் சொல்லி எழுதலாமா என்று அவள் யோசித்துக்கொண்டிருந்த வாரத்தில் நடந்தது இது.

காரணம் நல்ல காரணம்தான். அதைச் சொல்லாமல் விட்டால் எனக்குப் பாவம் வரும். ஆனைமலையில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே காடு துண்டு துண்டாகக் கிடக்கிறது. அந்தத் துண்டுகளில் சிங்கவால் குரங்குகள், தோட்டத்து ஆட்கள் வாயில் சோலைமந்திகள், நாளுக்கு நாள் குறைந்துகொண்டிருந்தன. வெள்ளாம்பாறைச் சோலையில் மிஞ்சியவை முப்பத்திநான்கு. ஒரு மந்தி ஒரு குட்டி போட்டால் அடுத்த குட்டிக்கு மூன்று வருடம் ஆகும். குட்டி முலையை விடாதவரை தாய் மறுபடி சினைப்படாது. அப்படியானால் குட்டியைச் சீக்கிரம் முலையிலிருந்து பிரித்துவிட்டால் என்ன? மூன்று வருடத்தில் ஒன்று என்பது ஒன்றரை வருடத்தில் ஒன்று ஆகும், இனம் பிழைத்துக்கொள்ளும். கணக்கு அவ்வளவு சுத்தமாக இருந்தது.

மரங்களில் பெட்டி கட்டினார்கள். பெட்டிக்குக் கண் உண்டு. வந்து நிற்கும் மந்தியின் முகத்தைப் பார்த்து இது யார், இதன் குட்டிக்கு எத்தனை மாதம் என்று சொல்லிவிடும். ஆறு மாதக் குட்டி வைத்திருக்கும் தாய்க்கு மட்டும் உப்புச் சுளை விழும், மற்றவற்றுக்கு வெறும் சுளை. ஏழு வருடத்தில் முப்பத்திநான்கு எழுபத்தொன்றாகிவிட்டது. வரும் திங்கட்கிழமை கோயம்புத்தூரில் கூட்டம். இதே உப்பை இன்னும் பதினொரு காடுகளுக்குக் கொண்டுபோகலாமா என்று முடிவு செய்யப் போகிறார்கள். ஜெசிந்தா சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

சொல்லியிருப்பாள். அதற்கு முந்தின புதன்கிழமை கம்மல் குட்டி போட்டிராவிட்டால்.

கம்மல் என்று பெயர் வைத்தது மாரிக்கனி. ஐம்பத்திரண்டு வயது, இருபது வருடம் கொழுந்து பறித்தவள், கடைசி எட்டு வருடமாக ஜெசிந்தாவுக்குக் கள உதவியாளர். காதோரம் வெள்ளையாகக் கிழிந்திருந்ததால் அந்த மந்திக்குக் கம்மல். உப்பால் பால் மறந்த முதல் வருடத்துக் குட்டிகளில் ஒன்று. இப்போது முதன்முதலாகத் தாயாகிறது. காலை ஏழரைக்குப் பிறந்த குட்டியைக் கம்மல் நக்கித் துடைத்தது, கிளைக் கவட்டில் வைத்தது, பிறகு எழுந்து அத்திப்பழம் தின்னப் போய்விட்டது. குட்டி கீச்சுக் கீச்சென்று கத்தியது. கம்மல் ஒரு தடவை திரும்பிப் பார்த்தது. எங்கோ ஒரு குருவி கத்தினால் பார்ப்போமே, அந்தப் பார்வை.

மாரிக்கனி ஏறிப்போய் எடுத்துவரட்டுமா என்று கேட்டாள். ஜெசிந்தா கூடாது என்றாள். காட்டின் காரியத்தில் ஆராய்ச்சி செய்பவர்கள் கை வைக்கக் கூடாது என்பது விதி. ஏழு வருடமாக உப்பு வைத்தபோது நினைவுக்கு வராத விதி அன்றைக்குக் காலையில் கச்சிதமாக நினைவுக்கு வந்தது. பதினொரு மணிக்குக் குட்டி கீழே விழுந்து செத்தது. அந்தப் பருவத்தில் அது மூன்றாவது. மூன்றுக்கும் தாய், உப்பால் பால் மறந்து வளர்ந்த மந்தி.

மாரிக்கனி குட்டியை இலையில் சுற்றி எடுத்து வந்தாள். "இதுங்கள கொற சொல்லி என்ன மேடம்," என்றாள். "தூக்குனா எப்படி இருக்கும்னு அதுங்களுக்கே தெரியாதே." அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஜெசிந்தாவுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அன்று மத்தியானமே அவள் பழைய தாள்களை எடுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

தாள்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். குரங்கு பார்க்கிறவர்கள் சும்மா பார்ப்பதில்லை. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை குறிப்பிட்ட குரங்கைப் பார்த்து, அந்த நொடியில் அது செய்வதைத் தாளில் ஒரு கட்டத்தில் குறிக்க வேண்டும். கட்டங்கள் ஐந்து: தீனி, நடை, விளையாட்டு, பேன் பார்த்தல், ஓய்வு. ஆறாவது கிடையாது. மழையில் மை கரையும், அதனால் எல்லாம் பென்சில். சாயங்காலம் தாளைப் பார்த்து ஜெசிந்தா கணினியில் ஏற்றுவாள்.

இரண்டாம் வருடம் ஐப்பசி அடைமழையில்தான் மாரிக்கனி கட்டத்துக்கு வெளியே எழுத ஆரம்பித்தாள். பால் நின்ற குட்டிகள் ஒரு மாதிரி இருக்கின்றன என்றாள். முதல் பத்து நாள் தாயின் பின்னாலேயே ஓடுகின்றன, தாய் தள்ளிவிடுகிறது. பிறகு ஓடுவதை விட்டுவிடுகின்றன. இரண்டு கையாலும் தன் உடம்பையே சுற்றிப் பிடித்துக்கொண்டு, தலையைக் கவிழ்த்து, கிளையில் உட்கார்ந்துவிடுகின்றன. அரைமணி, ஒருமணி நேரம். பக்கத்தில் மற்றவை விளையாடினாலும் போவதில்லை.

அசையாமல் இருந்தால் அது ஓய்வு, ஓய்வுக் கட்டத்தில் போடுங்கள் என்று ஜெசிந்தா சொன்னாள்.

"இது ஓய்வு இல்ல மேடம்," என்றாள் மாரிக்கனி. "தன்னத்தானே கட்டிப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கு. தாயி செய்ய வேண்டியத அதுவே செஞ்சிக்கிது. அழுத புள்ள பால் குடிக்கும்பாங்க. இதுங்க அழுது பாத்து, இனி பிரயோசனம் இல்லைனு விட்ருச்சுங்க."

ஜெசிந்தா பொறுமையாகத்தான் விளக்கினாள். உலகம் முழுக்க இந்த ஐந்து கட்டம்தான், நடுவில் ஆறாவது போட்டால் முதல் வருடத்துத் தாள்களோடு ஒப்பிட முடியாது, உழைப்பெல்லாம் வீண். குரங்குக்கு மனுஷ மனசை ஏற்றிச் சொல்வது விஞ்ஞானத்தில் பெரிய தப்பு. எல்லாம் சொல்லிவிட்டு, புரியட்டுமே என்று ஒரு பழமொழியும் சொன்னாள்: "கண்ணால காண்பதும் பொய், காதால கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய். நீங்க கண்ணால மட்டும் பாக்குறீங்க கனியக்கா. நான் ஆயிரம் தாள சேத்துப் பாக்குறேன்." மாரிக்கனி தலையாட்டினாள். அந்த வாரத் தாள்களில் ஓரத்தில் இருந்த பென்சில் வரிகளை ஜெசிந்தாவே அழித்தாள். அடுத்த வாரத்திலிருந்து ஓரம் சுத்தமாக இருந்தது.

பென்சிலை அழித்தாலும் அழுத்திய தடம் போவதில்லை. தாளைச் சன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தபோது ஒவ்வொன்றாகத் தெரிந்தன. 'கட்டிக்கிட்டு உக்காந்திருக்கு.' 'இன்னிக்கும்.' 'கம்மலும்.'

தெரியாமல் செய்த தப்பு என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு ஆசைதான். தேடிக்கொண்டே போனாள், ஒரு தாள் அதற்கும் வழி விடவில்லை. அது அவள் கையெழுத்து. மாரிக்கனி காய்ச்சலில் வராத ஒருநாள், ஜெசிந்தாவே கம்மலைப் பார்த்திருக்கிறாள். ஓய்வுக் கட்டத்தில் வரிசையாகப் பதினெட்டு டிக். மற்ற டிக்கெல்லாம் மெல்லிசு. இந்தப் பதினெட்டும் தாள் கிழியும் அளவுக்கு அழுத்தமானவை. அன்றைக்கு அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் அழுத்தியிருக்கிறாள். அந்த டிக்குகள் போய்ச் சேர்ந்த இடம் அவளுடைய பேர்பெற்ற கட்டுரையின் ஒரு வரி: 'முன்கூட்டியே பால் மறந்த குட்டிகள் கூடுதல் நேரம் ஓய்வெடுக்கின்றன, அமைதியாக இருக்கின்றன.'

வெட்கம் பிடுங்கித் தின்றது. யாரும் பார்க்காத அறையில் அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சரி, நேர்மையாக ஒப்புக்கொண்டால் பாதி தீரும் என்று கடைசியில் தன்னைத் தேற்றிக்கொண்டாள். பாதி தீரும் என்று நம்பினாள் பாருங்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

திங்கட்கிழமை கூட்டத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். அரசுத் தரப்பில் இரண்டு பேர், உப்பைத் தயாரிக்கும் கம்பெனியின் ஆராய்ச்சித் தலைவர் கோதண்டம், இவள், நாலே பேர்தான். தாள்களை மேசையில் பரப்பினாள். அதிகாரிகளில் ஒருவர், பால்தானே நின்றது, பழம் தின்கிற வயதில் அதனால் என்ன வந்துவிடும் என்று கேட்டார்.

"பாலு மட்டும் நிக்கல சார்," என்றாள் ஜெசிந்தா. "பாலைச் சுரக்க வைக்கிற அதே சுரப்புதான் குட்டி எங்கேன்னு தாயைத் தேட வைக்குது. உப்பு ரெண்டையும் சேத்தே அணைச்சிடுது. குட்டிக்குப் போனது பால் இல்ல, தாய். அந்தக் குட்டி நாளைக்குத் தாயானா, அதுக்குத் தூக்கத் தெரியல. எண்ணிக்கை ஏறிருக்கு, அது உண்மை. இந்தத் தலைமுறையோட அது நிக்கும். இதை நான் அஞ்சு வருஷம் முன்னாடியே பாத்தேன். ஓய்வுன்னு எழுதினேன்."

அறையில் யாரும் கோபப்படவில்லை. அவள் அதற்குத் தயாராக வந்திருந்தாள், அது கிடைக்கவில்லை. கோதண்டம் நல்ல மனிதர், அமைதியாகத் தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினார்.

"உங்க நேர்மைய மதிக்கிறேன் மேடம். குரங்குத் திட்டத்த இன்னிக்கே நிறுத்திடலாம், எங்களுக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல. எங்களப் பொறுத்தவரைக்கும் அது முடிஞ்ச வேலை."

முடிந்த வேலை என்றால் என்ன அர்த்தம் என்று அவள் கேட்டாள். அவர் பையிலிருந்து ஒரு சின்ன அட்டைப் பெட்டியை எடுத்து வைத்தார். இளம் பச்சைப் பெட்டி. 'சுலபம்' என்று பெயர். பிரசவத்துக்குப் பிறகு வேலைக்குத் திரும்பும் பெண்களுக்கான மாத்திரை. நெறி கட்டாமல், காய்ச்சல் வராமல் பத்தே நாளில் பால் நின்றுவிடும். ஒன்றரை வருடமாக விற்பனையில் இருக்கிறதாம். மில்களிலும் தைக்கிற கம்பெனிகளிலும் நர்சுகளே கொடுக்கிறார்களாம். உள்ளே மடித்து வைத்திருந்த தாளில் பொடி எழுத்தில் இருந்தது: 'இயற்கைச் சூழலில் வாழும் குரங்குகளிடம் ஐந்து ஆண்டுகள் பரிசோதிக்கப்பட்டது. குழந்தை அமைதியாக இருக்கும்.' அடியில் அவள் பெயர், அவள் கட்டுரை, பக்க எண்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு அனுமதிக் கடிதம் வந்ததும், கட்டுரையை மேற்கோள் காட்டத்தானே கேட்கிறார்கள் என்று பெருமையோடு கையெழுத்துப் போட்டு அனுப்பியதும் அவளுக்கு நினைவு வந்தது. அந்தக் கடிதத்தை அவள் முழுசாகப் படிக்கக்கூட இல்லை. நான் இப்போது சொன்னதை எழுதித் தருகிறேன், மாத்திரையை நிறுத்துங்கள் என்றாள். தாராளமாக எழுதிக் கொடுங்கள், குழு ஒன்று அமைத்துப் பார்ப்போம், எட்டு மாதத்தில் அறிக்கை வந்துவிடும் என்றார் கோதண்டம்.

மலை ஏறும் பஸ்ஸில் நாற்பது வளைவும் அவள் கண்ணைத் திறக்கவில்லை. தூங்கவுமில்லை.

முகாம் என்பது தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்து கைவிட்ட பழைய லயத்து வீடு. சாயங்காலம் ஐந்தரை மணி. மாரிக்கனி வாசலில் உட்கார்ந்து, காட்டிலிருந்து ஏறிவந்த அட்டைகளைக் காலுறையிலிருந்து பிடுங்கி உப்புத்தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தாள். ஜெசிந்தா பையை வைக்காமலே அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். எட்டு வருடத்தில் அவள் அப்படி உட்கார்ந்ததில்லை. மாரிக்கனி சட்டென்று எழப்போனாள். வேண்டாம் என்று கையைப் பிடித்து இருத்தினாள்.

"கனியக்கா, நீங்க எழுதினதுதான் சரி. நான் அழிச்சது தப்பு. தப்புன்னு தெரிஞ்சேதான் அழிச்சேன்."

எப்படிச் சொல்வது என்று நாற்பது வளைவிலும் யோசித்து வைத்திருந்ததில் இவ்வளவுதான் வாயில் வந்தது. மாரிக்கனி காலுறையிலிருந்து இன்னொரு அட்டையைப் பிடுங்கித் தண்ணீரில் போட்டாள். அட, அதுக்கென்ன மேடம் என்பாள், அல்லது அன்னிக்கே சொன்னேனே என்று ஒரு சொல் குத்துவாள் என்று ஜெசிந்தா நினைத்தாள். இரண்டுமில்லை. அவள் கேட்டது வேறு.

"அது சுளையில வச்ச உப்பு. மாத்திரையா இருந்தாலும் அப்படித்தானா மேடம்?"

ஜெசிந்தாவுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது. மாரிக்கனியின் ஒரே மகள் சுபாஷிணி திருப்பூரில் தைக்கிற கம்பெனியில் வேலை செய்கிறாள் என்பது தெரியும். போன மாசியில் பெண் குழந்தை பிறந்ததும் தெரியும். இவளே ஒரு கவுன் வாங்கிக் கொடுத்தாள். பச்சைப் பெட்டியைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். இதுவா என்று கேட்கவில்லை. மாரிக்கனியின் முகமே பதில் சொல்லிவிட்டது.

மாரிக்கனி நிதானமாகச் சொன்னாள். குழந்தைக்கு நாலு மாதமானபோது கம்பெனியிலிருந்து வேலைக்கு வரச் சொன்னார்கள். நர்சு இந்தப் பெட்டியைக் கொடுத்தாள். சுபா பயந்துபோய் அம்மாவுக்குப் போன் செய்தாள். உள்ளே இருந்த தாளைப் படித்துக் காட்டினாள், ஜெசிந்தாவின் பெயர் வந்தது. "நம்ம மேடம் பேருதாண்டி, அவங்க குரங்குக்கே ஒரு கெடுதல் நெனக்க மாட்டாங்க, தைரியமா சாப்புடு" என்று இவள்தான் சொன்னாள்.

"நீங்க ஒரு தடவ என்னக் கேட்டிருக்கலாமே அக்கா," என்றாள் ஜெசிந்தா. சொன்ன உடனேயே நாக்கைக் கடித்துக்கொண்டாள். கேட்டிருந்தால் அப்போது என்ன பதில் சொல்லியிருப்பாள் என்பது அவளுக்குத் தெரியாதா?

"போன மாசம் திருப்பூர் போனேன்ல," என்று மாரிக்கனி தொடர்ந்தாள். "பாப்பா பாயில உக்காந்திருந்துச்சு. ரெண்டு கையையும் இப்படிச் சுத்திக்கிட்டு, தலையக் குனிஞ்சிக்கிட்டு. கூப்புட்டேன், திரும்பல. நம்ம சோலையில பாத்தது அப்படியே கண்ணு முன்னால வந்துச்சு. அப்புறம் நீங்க சொன்னதும் நெனப்பு வந்துச்சு. கண்ணால பாக்குறது பொய்யின்னு. சரி, புள்ள ஓய்வா இருக்குனு மனசுக்குள்ள நானே எழுதிக்கிட்டேன் மேடம்."

ஜெசிந்தா அழவில்லை. அழுதால் மாரிக்கனி தன்னைத் தேற்ற வந்துவிடுவாள், அந்த அசிங்கம் வேறு வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

இப்போது என்ன செய்ய வேண்டும் என்று மாரிக்கனி கேட்டாள். மறுபடி பால் வருமா, பிள்ளை சரியாகுமா? பால் ஊற வைக்க வழிகள் உண்டு, நல்ல டாக்டரிடம் காட்டலாம் என்றாள் ஜெசிந்தா. பிள்ளை எப்படி ஆகும் என்பது யாருக்கும் தெரியாது, எந்தக் குரங்குக் குட்டியையும் யாரும் திரும்பத் தூக்கிப் பார்க்கவில்லை. பாலை விட முக்கியம், சுபா பிள்ளையை இடுப்பிலிருந்து இறக்கக் கூடாது. அவளுக்கே தூக்கத் தோன்றாது, அது அவள் குற்றமில்லை, மாத்திரை செய்த வேலை. தோன்றாவிட்டாலும் தூக்க வேண்டும். மனுஷிக்குச் சொன்னால் புரியும். அந்த ஒரு வித்தியாசம்தான் மிச்சம்.

"ஆறு மணிக்கு வேலை விட்ரும்," என்று மாரிக்கனி போனை எடுத்தாள். எண்ணைப் போட்டவள் கையைத் தாழ்த்தினாள். "அவகிட்ட என்னனு சொல்ல மேடம்? சாப்புடச் சொன்னது நான்."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். நான் சொல்றேன்."

சுபா எடுத்ததும் மாரிக்கனி, மேடம் பேசணும்கிறாங்க என்று மட்டும் சொல்லி, ஒலிபெருக்கியில் போட்டுப் போனைத் தரையில் வைத்தாள். மறுமுனையில் பஸ் இரைச்சல், பெண்கள் பேசிக்கொண்டு போகும் சத்தம். டாக்டர் மேடம் தன்னோடு பேசுவது இதுதான் முதல் தடவை என்பதால் சுபாவின் குரலில் கூச்சமும் சந்தோஷமும் கலந்திருந்தன.

"மேடம், நானே உங்களுக்குப் போன் பண்ணனும்னு இருந்தேன், அம்மாதான் தொந்தரவு பண்ணாதன்னாங்க. உங்க மாத்திரையாலதான் என் வேலை தப்பிச்சுது. உங்களத் தெரியும்னு சொன்னா இங்க யாரும் நம்ப மாட்டேங்குறாங்க. எங்க லைன்ல பதினாலு பேரு பயந்துக்கிட்டு இருந்தாங்க மேடம். எங்கம்மா அவங்ககிட்ட வேலை செய்றாங்க, நேர்ல பாத்தவங்கன்னு சொல்லி நான்தான் எல்லாரையும் சாப்புட வச்சேன்."

ஜெசிந்தா மாரிக்கனியைப் பார்த்தாள். மாரிக்கனி அவளைப் பார்க்கவில்லை.

"சுபா, நான் சொல்றத நின்னு கேளும்மா," என்றாள். "அந்தத் தாள்ல இருக்கிறது பொய். எழுதினது நான்தான். அந்த மாத்திரை பாலோட சேத்து வேற ஒண்ணையும் நிறுத்துது."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். குட்டிகள் உட்கார்ந்த விதத்தைச் சொன்னாள், கம்மல் எழுந்து போனதைச் சொன்னாள், வீட்டுக்குப் போனதும் முதலில் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொன்னாள். மறுமுனையில் பெண்களின் சத்தம் தள்ளிப்போய்விட்டது. சுபா எங்கோ ஒதுங்கி நின்றிருக்க வேண்டும். பிறகு அவள் கேட்டாள்.

"எங்கம்மாவுக்கு இது தெரியுமா மேடம்?"

மாரிக்கனி தலையைக் குனிந்துகொண்டாள்.

"உங்கம்மாவுக்கு அஞ்சு வருஷம் முன்னாடியே தெரியும்," என்றாள் ஜெசிந்தா. "தெரியாதுன்னு அவங்கள நம்ப வச்சது நான். அவங்கள ஒரு வார்த்தை சொல்லாத. இப்ப வீட்டுக்கு ஓடு, பாப்பாவத் தூக்கு. போறதுக்கு முன்னாடி அந்தப் பதினாலு பேரோட பேரும் நம்பரும் எனக்குச் சொல்லு."

சுபா மூக்கை உறிஞ்சினாள். நம்பர் வேண்டாம் மேடம், எல்லோரும் இங்கேதான் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள் என்றாள். கொஞ்ச நேரம் நடக்கும் சத்தம் கேட்டது. பிறகு பல பெண்களின் குரல்கள் போனைச் சூழ்ந்துகொண்டன. அதில் ஒருத்தி, எல்லோருக்கும் முந்திக்கொண்டு, "வணக்கம் மேடம், ரொம்ப நன்றி மேடம்" என்றாள்.